உபயம் எழுதாத சைக்கிள்கள்

எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு டியூப் லைட் இருக்கிறது. கொடுத்தவர் பெயர், அவருடைய அப்பா பெயர், மளிகைக் கடையின் பெயர் எல்லாவற்றையும் விளக்கின் மேலேயே சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கு நடுவே மிச்சமிருக்கும் இடுக்கில்தான் வெளிச்சம் வரும். போன மாதம் திவ்யா போன் செய்தபோது எனக்கு அந்த விளக்குதான் ஞாபகத்துக்கு வந்தது.

மொரப்பூரில் எங்கள் சைக்கிள் கிளினிக்கை இப்போது நடத்துகிறவள் திவ்யா. நான் ஓய்வு பெற்ற பிறகு பொறுப்புக்கு வந்தவள், சூட்டிகையான பெண். ஏதோ ஒரு கம்பெனி தன் ஆட்களிடமிருந்து பழைய சைக்கிள்களைச் சேர்த்து லாரியில் அனுப்புகிறதாம். ஒரே ஒரு நிபந்தனை. ரிப்பேர் பார்த்து யாருக்குக் கொடுத்தாலும், வண்டியில் கொடையாளர் பெயரைப் போட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

"ஸ்டிக்கர்தானேங்கக்கா, ஒட்டிட்டா என்னங்க? நீங்க இருந்தப்ப ஏன் கூடவே கூடாதுன்னு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"போன்ல சொல்ற சமாச்சாரம் இல்ல சாமி, எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கைக்குப் பேனா பிடிப்பது தண்டனையாக இருக்கிறது. ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே.

கிளினிக் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு பழைய புளி குடோன். பரணிலும் மாட்டுக் கொட்டகையிலும் சும்மா கிடக்கும் சைக்கிள்களை மக்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். தேவைப்படுகிறவர்கள் வந்து, எங்களோடு உட்கார்ந்து, தாங்களே கழற்றி மாட்டி, ஓட்டிக்கொண்டு போவார்கள். யாருக்கும் தயார் செய்து தட்டில் வைத்துக் கொடுப்பது கிடையாது. பஞ்சர் ஒட்டத் தெரியாமல் ஒருவரும் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை.

நான் அங்கே கூட்டிப் பெருக்கத்தான் போனேன். என் வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்வந்துகொண்டிருந்த காலம் அது. சக்கரத்தைப் பிடிக்க ஆள் இல்லை என்று ஒருநாள் கூப்பிட்டார்கள், பிடித்தேன். பிறகு விளக்குமாற்றுக்குத் திரும்பிப் போகவில்லை. கற்றுக்கொண்ட கதையைச் சொன்னால் நகம் நசுங்கிய கதையாகத்தான் இருக்கும், அது வேண்டாம்.

தானம் என்றால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் இளக்காரம்தான். பாதிப் பேர் தானம் செய்யவில்லை, இடத்தைக் காலி செய்தார்கள். ஒருவர் வீட்டுக்குப் போனால் சைக்கிள் கூடைக்குள் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. இன்னொருவர் வீட்டில் அவரைக் கொடி சைக்கிளைச் சுற்றிப் படர்ந்து பூத்துக் குலுங்கியது. "கொடி அறுந்துடாம வண்டிய மட்டும் உருவிக்கங்க" என்றார் அந்த மகராசன். நானும் அரை நாள் உட்கார்ந்து உருவினேன்.

என்னை வேலைக்குச் சேர்த்தவர், கிளினிக்கைத் தொடங்கியவர், தேவசகாயம் சார். ரயில்வேயில் இருந்து வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிச்சை கேட்டு வருகிறவரையும் 'வாங்க' என்றுதான் கூப்பிடுவார். ஒரு பிரச்சினையைக் கொண்டுபோனால் உடனே பதில் வராது. தலைகீழாக நிறுத்தியிருக்கும் ஏதாவது ஒரு சைக்கிளின் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிடுவார். அது தானாக நின்ற பிறகுதான் பேசுவார். அவசரக்காரியான எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிடலாமா என்று எத்தனையோ தடவை தோன்றியிருக்கிறது. ஆனால் சக்கரம் நின்ற பிறகு அவர் சொன்னதை மறுத்துப் பேச எனக்கு அநேகமாக எதுவும் இருக்காது.

சைக்கிள் வாங்குவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். கொண்டுவந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார். வண்டி யாருடையது, ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்கவே மாட்டார். நாங்களும் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். பிறகு ஒரு ஸ்பேனரைக் கையில் கொடுத்து, "பெல்ல மட்டும் நீங்களே கழட்டி எடுத்துக்கங்க" என்பார். பெல் கொடுத்தவருக்கு, மற்றதெல்லாம் எங்களுக்கு. கழற்றும்போது சிலர் சிரிப்பார்கள், சிலர் கடைசியாக ஒரு தடவை அடித்துப் பார்ப்பார்கள். பெல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகு யாரும் திரும்பி வந்து வண்டியைப் பற்றி விசாரித்ததில்லை.

அவர்கள் போனதும் எங்கள் வேலை தொடங்கும். வண்டியைக் கயிறு கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டு, பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் இருந்தால் ஃபிரேம் நேர். அடுத்து ஸ்போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்கி, எது தளர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சக்கரத்தின் கோட்டம் எடுக்க வேண்டும். பேரிங் குண்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், மட்கார்டிலும் செயின் கவரிலும் எழுதியிருக்கும் பெயர்களைச் சுரண்டுவோம். எங்கள் பக்கத்தில் சைக்கிளில் என்னதான் எழுதியிருக்காது! பிள்ளைகள் பெயர், குலசாமி, கட்சிக் கொடி, நடிகர் படம். அத்தனையும் சுரண்டி எல்லா வண்டிக்கும் ஒரே கரும்பச்சை அடிப்போம்.

இன்னொரு விதியும் உண்டு. மொரப்பூர்ப் பக்கம் வாங்கியது மொரப்பூர்ப் பக்கம் கொடுக்கப்படாது. அது பென்னாகரத்தில் நாங்கள் நடத்தும் முகாமுக்குப் போகும். பென்னாகரத்தில் வாங்கியது தீர்த்தமலைப் பக்கம் வரும். "குடுத்தவங்க கண்ணு முன்னாடி வாங்கினவங்க ஓட்டக் கூடாதுங்க. ஓட்டினா அது கடைசி வரைக்கும் குடுத்தவங்க வண்டிதான்" என்பார் சார். திவ்யாவுக்கு என் பதில் இதுதான். ஸ்டிக்கர் ஒட்டினால் அந்த வண்டி போகிற ரோடெல்லாம் கொடுத்தவர் வீட்டு வாசலாகிவிடும். பெயர் எழுதாத ஒரு வண்டிக்கே எவ்வளவு பெரிய வம்பு வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் முனிரத்தினம் என்ற விவசாயி ஒரு லேடீஸ் சைக்கிள் கொண்டுவந்தார். மொரப்பூருக்குக் கொஞ்ச தூரத்தில் அவர் ஊர். பெயர் வேண்டாம். கூடவே அவருடைய அண்ணனும் வந்திருந்தார். அண்ணன்தான் பேசினார். வண்டி முனிரத்தினத்தின் ஒரே மகளுடையது. படிப்பை முடித்து வேலைக்கு உத்தரவும் வந்த நேரத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். "எங்க கண்ணுல படாத எடத்துல குடுத்துடுங்க சார்" என்றார் அண்ணன். சார் ஸ்பேனரை நீட்டினார். முனிரத்தினம் அதை வாங்கவில்லை.

"பெல்லும் வேணாங்க. வூட்ல எதுவும் இருக்க வேணாம்" என்றார். எங்கள் கிளினிக்கில் பெல்லோடு சேர்த்து எங்களிடமே விடப்பட்ட வண்டி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

முறைப்படி பெயரைச் சுரண்டி, பச்சை அடித்து, பென்னாகரம் முகாமுக்கு அனுப்பினோம். அங்கே வளர்மதி என்ற பெண் அதை எடுத்துக்கொண்டாள். கைக்குழந்தைக்காரி. குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வந்து, சக்கரத்தைக் கழற்றி, தானே பஞ்சர் ஒட்டி, கோட்டமும் எடுத்தாள். எந்த ஊர் என்று கேட்டோம், பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரைச் சொன்னாள். பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கும் பெண்ணிடம் எந்த ஊர் என்றால் பிறந்த ஊரைத்தானே சொல்வாள்! குழந்தைக்குத் தலை நின்றதும் அவளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பினார்கள். தொட்டில், பாத்திரம், அரிசி மூட்டையோடு சைக்கிளும் டெம்போவில் ஏறியது. டெம்போ போய் நின்ற இடம் முனிரத்தினத்தின் ஊர்க் காலனி.

கிழக்கு மேற்கு என்று பிரித்துப் பிரித்துக் கொடுத்த சாருக்கு, பெண்கள் கட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போவார்கள் என்பது தோன்றவே இல்லை. தோன்றாமல் போனதில் ஆச்சரியமும் இல்லை, பிரம்மச்சாரி மனுஷன். எனக்காவது தோன்றியிருக்கலாம். நானும் அப்படித்தான் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு வந்தவள்.

வளர்மதிக்குச் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை கிடைத்தது. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, விடிகாலையில் சைக்கிளில் மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வந்து ரயில் பிடிப்பாள். அந்த நேரத்தில் அவள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. புருஷன் வெளியூரில். அந்தச் சம்பளம்தான் வீட்டுக்கு ஆதாரம். சைக்கிள் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

ஒருநாள் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்து நின்றாள்.

"வண்டிய புடுங்கிக்கிட்டாங்கக்கா" என்றாள். முனிரத்தினத்தின் அண்ணன் ரோட்டில் நிறுத்தி, செத்துப்போன எங்கள் பெண்ணின் வண்டி என்று சொல்லி, வாங்கிக் கொண்டுபோய்த் தன் கொட்டகையில் போட்டுவிட்டாராம். அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை. வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரியில் போன் செய்து சொல்லிவிட்டார்கள்.

சார் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது நிற்க வெகுநேரம் ஆனது. "பொண்ணு குடுக்கறது, எடுக்கறத எல்லாம் நான் கணக்குல வெக்காம போயிட்டேங்களே" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார். மூன்று பேரும் பஸ் ஏறினோம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. எங்கள் மாவட்டத்தில் இந்த மாதிரித் தகராறு எதில் தொடங்கி எதில் போய் முடியும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அண்ணன் வீட்டு வாசலில் நாங்கள் போவதற்குள்ளேயே ஆள் சேர்ந்துவிட்டது. முனிரத்தினமும் ஓரமாக நின்றார். சைக்கிள் கொட்டகைக்குள் மாட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது.

"வாங்க சார். கண்ணுல படாத எடத்துல குடுங்கன்னு சொன்னோமா இல்லீங்களா?" என்றார் அண்ணன்.

"சொன்னீங்க. அதனாலதான் பென்னாகரத்துல குடுத்தோங்க" என்றார் சார்.

"அப்புறம் எங்கூருக் காலனிக்கு எப்படி வந்துச்சு? றெக்கை மொளச்சு பறந்து வந்துச்சா?"

"கட்டிக் குடுத்தாங்க, வந்துச்சுங்க" என்று நான் வாயை விட்டேன். நின்றிருந்த இளவட்டங்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அண்ணன் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

"சிரிக்கற விஷயமில்லம்மா இது. எந்தம்பி சம்சாரம் தெனம் காலங்காத்தால வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, இந்த வண்டி போறதப் பாத்துக்கிட்டு நிக்குது. அதப் பாத்துத்தான் எங்களுக்கே வண்டி அடையாளம் தெரிஞ்சுச்சு. பெத்த வயிறு என்ன பாடுபடும்? அதையும் பாத்துக்கிட்டு நாங்க சும்மா இருக்கணுமா?"

அவருடைய கோபத்தில் வேறு என்னென்னவோ கலந்திருந்தது எனக்குத் தெரியும். காலனிப் பெண் ஓட்டியிராவிட்டால் இவ்வளவு கூட்டம் கூடியிருக்காது. ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு தாயின் துக்கம் இருந்தது. அதை எப்படித் தள்ளுவது? சார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சுற்றிவிட அங்கே சக்கரம் இல்லை. கடைசியில் வளர்மதியிடம் மெதுவாக, "வேற வண்டி தர்றோங்க, நாளைக்கே வந்து எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. வளர்மதி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"வேணாங்க சார். வேற வண்டி வாங்கிட்டா, இது நான் எடுத்துக்கக் கூடாததுன்னு ஆயிடும். நாளைக்கு அந்த வண்டியையும் யாராச்சும் ஒருத்தரு நிறுத்துவாரு. இதுல பஞ்சர் ஒட்டுனது நானு. கோட்டம் எடுத்தது நானு. எனக்கு இதையே வாங்கிக் குடுங்க."

கூட்டத்தில் சலசலப்பு. "என்னா பேச்சு பேசுது பாரு" என்றது ஒரு குரல். அந்த நேரத்தில்தான் முனிரத்தினத்தின் மனைவி மாதம்மா வந்தாள். மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவள், சத்தம் கேட்டுக் கருக்கரிவாளோடு அப்படியே வந்துவிட்டாள். கொட்டகைக்குள் சைக்கிளைப் பார்த்தாள். பிறகு வளர்மதியைப் பார்த்தாள்.

"வண்டி இங்கியா கெடக்குது?" என்றாள். "ஏம்மா, நாலஞ்சு நாளா உன்னக் காணமேன்னு, கொழந்தைக்குத்தான் ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

மாதம்மாவுக்காகப் பிடுங்கிய வண்டி. பிடுங்கியதை அவளிடம் யாரும் சொல்லவே இல்லை.

"நீ அதப் பாத்து அழுவறேன்னுதான் மாதம்மா..." என்று இழுத்தார் அண்ணன்.

"நான் வாசல்ல நிக்கறது நெசந்தான் மாமா. எதுக்கு நிக்கறேன்னு என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? கெணத்து மேட்டுல எம்பொண்ணு விழுந்து எந்திரிச்சு வந்தாளே, அன்னிக்கி நெளிஞ்சது அந்த செயின் கவரு. எந்தப் பெயிண்டு அடிச்சாலும் எனக்குத் தெரியாதா? அது போறதப் பாத்துட்டுத்தான் நான் அடுப்பே பத்த வெக்கறேன்." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "எங்கியோ தூக்கிக் குடுத்துட்டு வந்தீங்க. அந்த பெல்லையாச்சும் எனக்குக் கொண்டாந்திருக்கலாமில்ல?"

முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்தேன். வளர்மதி அப்படி நினைக்கவில்லை.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பாக்கறதுக்கோசரம் நான் அந்த வழியா போவலீங்க. ரயிலுக்குப் போறேன், வேலைக்குப் போறேன். நாளைக்கே வேற குறுக்கு வழி கெடச்சா அதுல போயிடுவேன். அப்ப நீங்க வந்து கேக்கக் கூடாது."

கூடி வருகிற நேரத்தில் இவளுக்கு ஏன் இந்த வீம்பு என்று நினைத்தேன். அந்த நிமிடத்தில் அவள் மேல் கோபம்கூட வந்தது. யோசித்துப் பார்த்தால், எங்கள் கிளினிக் எத்தனையோ வருடமாகச் செய்யப் பார்த்த காரியத்தை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

மாதம்மா கோபப்படவில்லை.

"போம்மா. எந்த வழியா வேணாலும் போ. வேலைக்குப் போறதத்தான் நான் பாக்கறேன். எம்பொண்ணு வேலைக்குப் போவணும்னு துணியெல்லாம் மடிச்சு வெச்சுக்கிட்டு நின்னவ. ஒரு நாளு போவல."

நான் அழுதுவிட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முனிரத்தினம் கொட்டகைக்குள் போய்ச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு டயரும் சப்பையாகித் தரையோடு தேய்ந்தன. ஓட்ட முடியாதபடி காற்றைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். அவசரத்தில் நாங்களும் பம்பு கொண்டுபோகவில்லை.

"காத்தப் புடுங்குனது யாரு?" என்றாள் மாதம்மா.

எல்லார் கண்ணும் ஒரே பக்கம் போனது.

"உங்கூட்டுல பம்பு இருக்குதில்ல மாமா. அடிச்சுக் குடுங்க."

அண்ணன் பம்பை எடுத்துவந்து, "டேய், இத அடிடா" என்று இளவட்டம் ஒருவனிடம் நீட்டினார். அவன் கையை நீட்டுவதற்குள், "புடுங்குனவங்கதான் அடிக்கணும்" என்றாள் மாதம்மா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அண்ணன் நீட்டிய பம்பை இழுத்துக்கொண்டார். பிறகு வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பம்பை மிதித்து அடிக்க ஆரம்பித்தார். சார் குத்தவைத்து உட்கார்ந்து வால் டியூபில் குழாயைப் பிடித்துக்கொண்டார். முன் சக்கரம் முடிந்தது, பின் சக்கரமும் முடிந்தது. அண்ணன் நிமிர்ந்து, முகத்தில் வழிந்த வியர்வையைத் துண்டால் துடைத்தார்.

வளர்மதி குழந்தையை என்னிடம் கொடுத்தாள். குனிந்து முன் டயரை அமுக்கிப் பார்த்தாள். பின் டயரையும் அமுக்கிப் பார்த்தாள்.

"பின்னாடிக்கு இன்னும் கொஞ்சம் அடிக்கணுங்க" என்றாள்.

அவர் மறுபடியும் பம்பை எடுத்தார்.